பதினான்கு என்று குத்திய போல்ட்

புருஷன் துர்முஷ் இறந்து நாற்பத்து மூன்றாம் நாள் எல்மாஸ் வேலைக்குத் திரும்பினாள். நாற்பதாம் நாள் ஓதல் முடிந்து, வந்தவர்களுக்கெல்லாம் பாகில் போட்ட மாவுருண்டை கொடுத்தாயிற்று. பெரிய அண்டாவைக் கழுவிப் பள்ளிவாசலில் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவனுடைய கம்பளிச் சட்டைகளை அவன் தம்பி சாதிக் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு போயாயிற்று. இனி வீட்டில் செய்ய என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. அழலாம் என்றால் அதுவும் வரவில்லை. காலையில் எழுந்து தயிர்மாவுக் கஞ்சியை நின்றபடியே குடித்துவிட்டு, ஏரிப்பக்கம் இறங்கும் பாதையில் பனியை மிதித்துக்கொண்டு போய்த் தொழிற்சாலை வாசலில் நின்றாள்.

ரிஃப்கி உஸ்தா அவளைப் பார்த்தார். முப்பது வருஷம் பொருத்தும் பகுதியில் தலைமை பார்த்தவர், உஸ்தா, அதாவது மேஸ்திரி, என்றாலே ஊரில் அவர்தான். ஆறுதல் சொல்ல வாயெடுத்தவர் அதை விழுங்கிக்கொண்டு, அவளுடைய மேசையில் யாரோ வைத்திருந்த சுருள்வில் பெட்டியை எடுத்து அப்பால் வைத்தார்.

"அடுப்புப் பக்கம் உக்காரு. அந்த ஜன்னல்ல காத்து வருது," என்றார். அவ்வளவுதான்.

துருக்கி மலையூரான சாம்லியாகாவில் துப்பாக்கி செய்யாத வீடு ஒன்று உண்டென்றால் அது இமாமின் வீடு. அவர் மச்சானும் கட்டைக்கு மெருகு போடுகிறவர்தான். எல்மாஸ் வேலை பார்க்கும் இடம் இத்தாலிக்காரர்களிடம் உரிமம் வாங்கி, அவர்கள் கொடுத்த வரைபடத்தின்படி, அவர்கள் அனுப்பிய அளவுக்கருவிகளை வைத்து வேட்டைத் துப்பாக்கி செய்தது. பெட்டியில் இரண்டு பெயர் இருக்கும். மேலே அவர்கள் பெயர் பெரிதாக, கீழே இந்த ஊர்ப் பெயர் சிறிதாக. பள்ளத்தாக்கின் அடியில் இன்னொரு தொழிற்சாலை இருந்தது. அவர்கள் யாரிடமும் உரிமம் வாங்கவில்லை, சொந்தமாக வேறொரு மாதிரி வைத்திருந்தார்கள். அது குழலிலிருந்து வெடிவாயுவைக் கொஞ்சம் திருடி அந்த வேகத்தில் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். இவர்களுடையதில் அந்தத் திருட்டு இல்லை. சுட்டதும் துப்பாக்கி முழுவதும் தோளை நோக்கி உதைக்கும், உள்ளே இருக்கிற கனமான போல்ட் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அந்த இழுபறியில் ஒரு வில் அமுங்கி விரிந்து மீதி வேலையைச் செய்துவிடும். கரி படியாது, துடைப்பது சுலபம், எடையும் குறைவு.

மூன்றையும் பற்றி ஊர்த் தேநீர்க்கடையில் வருஷக்கணக்காகப் பேசியாயிற்று. இத்தாலி அசல் பட்டு, நம்முடையது கம்பளி, கீழூர்க்காரன் செய்வது கோணி என்று துர்முஷ் சொல்லுவான். கோணிதான் மழையில் நனைந்தாலும் கோணியாகவே இருக்கும் என்று கீழூர்த் துப்பாக்கி வைத்திருந்த யாகூப் பதில் சொல்லுவான். அசலில் கட்டை வழவழப்பு, விசை மெதுவாக இழுபடும், திருகு தலைகூட ஒரே திசையில் நிற்கும். நம்முடையதில் விசை கொஞ்சம் முரடு, ஆனால் வால்நட் கட்டை நம் மலையில் விளைந்தது, அவர்களுக்கு அது கிடைக்காது. இப்படியே போகும். சூரியகாந்தி விதைத் தோல் மேசையில் மலைபோல் குவியும்வரை.

எல்மாஸின் வேலை போல்ட். குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டுகிற இரும்புத் துண்டு அது. அதன் தலை முன்னே போய்க் கடைசி நூலிழை தூரத்தில் ஒரு திருகு திருகிப் பூட்டிக்கொள்ளும். அந்தத் திருகல் ஓடுவதற்கு ஒரு சாய்ந்த பள்ளம் உண்டு. பள்ளத்தில் பிசிறு இருக்கக் கூடாது. பிசிறை எடுத்து, தலையைப் பொருத்தி, வில்லை வைத்து, அடிப்பக்கத்தில் தன் எண்ணைக் குத்த வேண்டும். அவள் எண் பதினான்கு. பிறகு பின்னால் இழுத்துக் கையை எடுத்துவிட வேண்டும். 'ஷ்லாக்' என்று அது முன்னே போய் அறைந்து பூட்டிக்கொள்ளும். மூன்று தடவை. புதிதாக வருகிற எல்லோருக்கும் உஸ்தா முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்: கையால் கூட்டிக்கொண்டு போகாதே, விட்டுவிடு, அதுவே போகும்.

அன்று காலை எல்மாஸ் முப்பத்தொரு போல்ட் முடித்தாள். தொண்ணூற்று மூன்று அறை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பக்கத்து மேசைக்காரிகள் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. என்ன நினைக்கிறார்கள் என்பதும் தெரிந்தது.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு ஊர்க்காரர்கள் பதினோரு பேர் காட்டுப்பன்றி விரட்டப் போனார்கள். சர்க்கரைக்கிழங்கு வயலையும் கடலை வயலையும் அவை கிளறிப் போட்டிருந்தன. சிலர் நாயோடு மேலிருந்து விரட்டினார்கள், மற்றவர்கள் கீழே ஆளுக்கொரு மரத்தடியில் நின்றார்கள். துர்முஷின் மரத்துக்கு அறுபதடி தள்ளி யாகூப். பெரிய ஆண் பன்றி ஒன்று முள்ளுக்குள்ளிருந்து நேராகத் துர்முஷை நோக்கி வந்தது. அவன் தூக்கிக் குறி வைத்ததை யாகூப் பார்த்தான். பிறகு கேட்டது வெடிச் சத்தமல்ல. டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பன்றியின் கோரைப்பல் தொடையில் ஏறியது. யாகூப் சுட்டு அதை வீழ்த்தினான், ஆனால் துர்முஷைப் பனியில் சுமந்து சாலைக்குக் கொண்டுவருவதற்குள் ரத்தமெல்லாம் போய்விட்டது. தின்னாத மிருகத்துக்குப் போய் உயிரை விட்டான் என்று இழவு வீட்டில் மாவு அல்வா கிளறிய பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தத் துப்பாக்கி இந்தத் தொழிற்சாலையில் செய்தது. அதில் இருந்த போல்ட்டின் அடியில் பதினான்கு என்று குத்தியிருந்தது.

ஊருக்குத் தெரியாத ஒன்று எல்மாஸுக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்பு அந்தப் போல்ட்டை அவள் அவனுக்கென்றே எடுத்து வைத்தாள். நூறு தலைகளில் ஒன்றைப் பொறுக்கினாள். தேநீர் இடைவேளைகளில், உஸ்தா பார்க்காத நேரத்தில், அந்தச் சாய்ந்த பள்ளத்தை மெல்லிய கல்லால் தேய்த்தாள். பிசிறு போன பிறகும் தேய்த்தாள். கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்த்தாள். புருஷனுடையது அசலைவிட வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று ஓர் ஆசை. அளவுக்கருவியில் ஒரு நூலிழைக்கு எவ்வளவு மதிப்பென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதிகமாகத் தேய்த்துவிட்டேனா? இந்த நாற்பத்து மூன்று நாளும் அவளுக்குள் இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதற்கு வலி கூட இல்லை. நாக்கு போய்ப்போய்த் தொட்டுப் பார்க்கும் உடைந்த பல் போல அது பாட்டுக்கு இருந்தது.

மறுநாள் முதலாளி ஹில்மி பே அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், சர்க்கரைக் கட்டியைத் தாமே எடுத்து அவள் தட்டில் வைத்தார். உரிமத்தைப் புதுப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றார். இத்தாலிக்காரர்கள் காதுக்கும் செய்தி போய்விட்டது என்றார். அவர்களுடைய பொறியாளர் எத்தோரே வியாழக்கிழமை வருகிறார், மூன்று அசல் துப்பாக்கிகளோடு. துர்முஷின் துப்பாக்கியையும் அவற்றோடு வைத்துச் சோதிக்கப் போகிறார். காவல்படை அதை அவள் பேருக்குத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறது, ஆகவே அவள்தான் கொண்டுவர வேண்டும்.

"கட்டாயம் இல்ல, எல்மாஸ் அம்மா. உங்களுக்கு மனசு இருந்தா மட்டும்," என்றார். ஆனால் அவர் கண் அப்படிச் சொல்லவில்லை. இருநூற்று நாற்பது பேர் வேலை பார்க்கிற இடம் அது.

அன்று மாலை சாதிக் வீட்டுக்கு வந்தான். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் அண்ணன் உட்காரும் மெத்தையைத் தவிர்த்து வேறிடத்தில் உட்கார்ந்தான். தேநீர்க்கடையில் பேசுவதையெல்லாம் கொட்டினான். துர்முஷுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியவில்லை என்று தொழிற்சாலை ஆட்கள் ஏற்கெனவே சொல்லத் தொடங்கிவிட்டார்களாம். இருபது வருஷ வேட்டைக்காரனை. அசலாக இருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று மற்றவர்கள் கேட்கிறார்களாம்.

"நகல் நகல்தான் அண்ணி. வெளியூர்க்காரன் பேரை ஒட்டிட்டா ஆச்சா? அவனுங்க எல்லாம் ஒண்ணா சேர்ந்து அண்ணன் மேல பழியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவாங்க. நீங்க துப்பாக்கியக் குடுக்காதீங்க."

"குடுக்கறேன்."

"ஏன்?"

எல்மாஸ் அவன் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். "எனக்குத் தெரிஞ்சாகணும், சாதிக்."

என்ன தெரிய வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

வியாழக்கிழமை வெயிலும் பனியும் சேர்ந்து கண்ணைக் கூசச் செய்தன. தொழிற்சாலைக்குப் பின்னால் வறண்ட ஓடைக்குள் சுட்டுப் பார்க்கும் இடத்தில் மேசை போட்டிருந்தார்கள். ஹில்மி பே இருந்தார், உஸ்தா இருந்தார். சாதிக் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு தனியாக நின்றான். ஒப்பிட்டுப் பார்க்கக் கீழூர்த் துப்பாக்கி ஒன்று வேண்டும் என்று கேட்டதால் யாகூப் தன்னுடையதைக் கொண்டுவந்திருந்தான். எதிரியின் கொல்லைக்குள் கால் வைத்த முதல் கோணி இதுதான் என்று உஸ்தாவிடம் சொல்லப் பார்த்தான். எல்மாஸைக் கண்டதும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

எத்தோரே பருத்த மனிதர், ஜலதோஷம் பிடித்திருந்தது. பத்து வருஷமாக வந்துபோவதால் துருக்கி பேசுவார், எழுத்துப் பாடம் படிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக. எல்மாஸிடம் வந்து தலை குனிந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். துப்பாக்கியை இரண்டு கையாலும் வாங்கினார்.

பிரித்தார். குழலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். வில்லை ஒரு சிறு தராசில் அமுக்கி எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு போல்ட்டை எடுத்து, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, சாய்ந்த பள்ளத்தைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார். திருப்பினார். மறுபடி பார்த்தார்.

"இதை யார் தேய்த்தது?"

ஹில்மி பே உஸ்தாவைப் பார்த்தார். உஸ்தா தரையைப் பார்த்தார்.

"நான்," என்றாள் எல்மாஸ்.

அவர் தன் தோல்பெட்டியைத் திறந்து அளவுக்கருவிகளை வரிசையாக வைத்தார். ஒன்றைப் பள்ளத்தில் விட்டார். உருவினார். அடுத்ததை விட்டார். ஓடையின் மேல்பக்கத்திலிருந்து காகங்கள் கத்தின. எல்மாஸ் அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டு விரல்கள், நகம் ஒட்ட வெட்டியிருந்தது. இப்போது சொல்லிவிடுவார், பிறகு என்ன என்று நினைத்தாள். காலின் கீழே பனி இருப்பதுகூட உறைக்கவில்லை.

"சரியாக இருக்கிறது," என்றார் எத்தோரே. "அளவு துல்லியம். எங்கள் ஊரில் இவ்வளவு நேரம் எடுத்து யாரும் தேய்ப்பதில்லை. அங்கே இயந்திரம் தேய்க்கிறது."

உஸ்தாவின் மூச்சு வெளியே வந்து காற்றில் புகையாக நின்றது.

அதோடு விடவில்லை. துர்முஷின் போல்ட்டை அசல் துப்பாக்கி ஒன்றில் போட்டார், அசலின் போல்ட்டைத் துர்முஷின் துப்பாக்கியில் போட்டார். இரண்டும் முதல் தள்ளலிலேயே உட்கார்ந்தன. உரிமத்துக்கு அர்த்தமே அதுதான்: அங்கே செய்த துண்டு இங்கே உட்கார வேண்டும், இங்கே செய்தது அங்கே. உஸ்தா தோளில் வைத்துச் சுட்டார். லேசான தோட்டா, கனமான தோட்டா, ஈரத்தோட்டா. அசலும் சுட்டது, நகலும் சுட்டது, கலந்து போட்டதும் சுட்டது. யாகூப்பின் துப்பாக்கியும் சுட்டது. ஒன்றுகூடத் தவறவில்லை. காலித் தோட்டாக்கள் பனியில் சிவப்பாகக் கிடந்தன.

சாதிக்கின் முகம் கறுத்தது. "அப்ப என் அண்ணன் பொய்யாச் செத்தானா?" என்று கேட்டான். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

எத்தோரே மூக்கைச் சிந்தினார். கைக்குட்டையை மடித்து வைத்தார். யாகூப்பைப் பார்த்து, மரத்தடியில் நிற்கும்போது தோட்டாவை எப்படிப் போடுவீர்கள், செய்து காட்டுங்கள் என்றார்.

யாகூப் தன் துப்பாக்கியை எடுத்தான். போல்ட்டை இழுத்துத் தோட்டாவை வைத்தான். பிறகு கைப்பிடியை விடாமல் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறவன் மாதிரி, ஓசையே இல்லாமல் முன்னே கொண்டுபோய் மூடினான். பன்றிக்குக் கண் மட்டம், காது நுட்பம் என்றான். சத்தமாக மூடினால் விரட்டுகிறவர்கள் வருவதற்கு முன்பே அது வேறு பக்கம் திரும்பிவிடும். இங்கே எல்லோரும் இப்படித்தான், அப்பன் காலத்திலிருந்தே.

"சுடுங்கள்," என்றார் எத்தோரே. யாகூப் சுட்டான். வெடித்தது.

எத்தோரே மேசையிலிருந்து அசல் ஒன்றை எடுத்தார். மேலே வெள்ளியில் பூவேலை செய்த, பளபளக்கிற அசல். அதே மாதிரி தோட்டாவை வைத்தார். அதே மாதிரி மெதுவாக மூடினார். ஓடையை நோக்கிப் பிடித்து விசையை இழுத்தார்.

டிக்.

யாகூப்பின் கை தானாகத் தொப்பியைத் தொட்டது. அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

எத்தோரே மூன்று அசல்களையும் பத்துப் பத்துத் தடவை அப்படிச் செய்தார். முப்பதில் பத்தொன்பது டிக். துர்முஷின் துப்பாக்கியைப் பத்துத் தடவை. ஆறு டிக். கீழூர்த் துப்பாக்கியில் ஒன்றுகூட இல்லை. அதன் பூட்டு வேறு மாதிரி, எப்படி மூடினாலும் மூடிக்கொள்ளும். இதில் தலை கடைசியாக ஒரு திருகு திருகியாக வேண்டும், அதற்கு வேகம் வேண்டும், வேகத்தைக் கையால் பிடித்துக்கொண்டால் ஒரு நூலிழை பாக்கி நின்றுவிடும். வெளியே பார்த்தால் மூடியிருக்கும். சுத்தியல் விழும். தோட்டா வெடிக்காது. கையேட்டில் பதினோராம் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது என்றார்.

"அசலும் அப்படித்தானா?" என்றான் சாதிக்.

"வரைபடம் எங்களுடையது. நாங்கள் கொடுத்ததை இவர்கள் அப்படியே செய்தார்கள். இதையும் சேர்த்து."

அசல் தவறாது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அதை விட்டுக்கொடுக்கச் சாதிக்குக்கு மனமில்லை என்பது அவன் தாடை அசைவதில் தெரிந்தது. ஹில்மி பே தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆக மூடிய விதத்தில்தான் தவறு என்று எழுதலாமா என்று மெதுவாகக் கேட்டார். உரிமம் பிழைத்துவிட்டது என்பது அவர் குரலில் கேட்டது. கேட்டுவிட்டது என்று அவருக்கே தெரிந்து கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

சாதிக் ஓரடி முன்னே வந்தான்.

"எங்க அண்ணனுக்கா தெரியாது? அண்ணி இதையே செய்யறவங்க. கடையில உக்காந்து எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவனே அவன்தான். 'மத்த துப்பாக்கி மாதிரி இல்லடா, இத விட்டுடணும், கையால கூட்டிட்டுப் போவக் கூடாது'ன்னு. யாகூப் அண்ணே, சொன்னானா இல்லையா?"

சொன்னான் என்றான் யாகூப். நூறு தடவை சொல்லியிருப்பான். விட்டு அறையட்டும், பன்றி கேட்டால் கேட்கட்டும் என்று சிரிப்பான்.

"அப்புறம் எப்படி அவன் மெதுவா மூடியிருப்பான்? தெரிஞ்சவன் எப்படிச் செய்வான்?"

எத்தோரே பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கைப்பழக்கம் என்று ஒன்று உண்டு, தலைக்குத் தெரிவது கைக்குத் தெரியாது என்று உஸ்தா முணுமுணுத்தார். வேறெந்தத் துப்பாக்கியில் பழகினான் என்று சாதிக் திருப்பிக் கேட்டான். முன்னால் இருந்தது மடித்துத் தோட்டா போடும் பழைய இரட்டைக்குழல், அதில் போல்ட்டே இல்லை, நாலு வருஷமாக இது ஒன்றுதானே. எந்தக் கைப்பழக்கம், யார் பழக்கியது?

எல்மாஸுக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகள். வாரத்தில் ஆறு நாள் அவள் விடியுமுன் எழுந்துவிடுவாள். ஞாயிறு ஒன்றுதான் தூக்கம். அந்த ஞாயிறுதான் அவன் வேட்டைக்குப் போவான். இருட்டு விலகும்போது காலணியை மாட்டிக்கொண்டு, நடையில் நின்று, துப்பாக்கி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத் தோட்டா இல்லாமல் இழுத்து விடுவான். ஷ்லாக். படுக்கையறைக் கண்ணாடி அதிரும். வாரமெல்லாம் காதில் அறைந்த அதே சத்தம், இருநூறு தடவை, முந்நூறு தடவை. ஞாயிறும்.

முதல் குளிர்காலத்திலேயே அவள் போர்வைக்குள்ளிருந்து கத்தியிருக்கிறாள். "ஒரு நாளாவது தூங்க விடேன்யா. மெதுவா மூடினா கை தேஞ்சா போயிரும்?"

"உங்க உஸ்தா கேட்டாருன்னா என் தோலை உரிச்சிருவாரு, பொண்ணே."

"உள்ள தோட்டாவா இருக்கு? வெறும் துப்பாக்கிதான. மூடு மெதுவா."

அவனுக்கு வரவில்லை. பாதியில் கை நழுவி அறைந்துவிடும். கடைசியில் ஒரு நாள் அவளே எழுந்து வந்தாள், தலைமுடி அவிழ்ந்து, கம்பளிக் காலுறையோடு. அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையை எங்கே வைக்க வேண்டும், கட்டைவிரலை எங்கே மடக்க வேண்டும், கடைசி இரண்டு விரற்கடையில் எப்படித் தாங்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். அவளுக்குத் தெரியாத போல்ட்டா? மூன்றாம் தடவை ஓசையே இல்லாமல் மூடினான். இருவரும் சிரித்தார்கள். அதன்பிறகு நாலு குளிர்காலம், ஞாயிறுதோறும், அந்த நடையில் அவன் அப்படித்தான் மூடினான். அவள் தூங்கினாள்.

"நான்தான்," என்றாள் எல்மாஸ்.

உஸ்தா திரும்பிப் பார்த்தார்.

சொன்னாள். நீட்டவில்லை, குறைக்கவில்லை. இன்றைக்குச் சந்தையில் என்ன வாங்கினேன் என்று சொல்கிற குரலில் சொன்னாள். நடை, ஞாயிறு, கட்டைவிரல். சொல்லும்போது தன் வலது கையைத் தூக்கி, இல்லாத ஒரு போல்ட்டை மெதுவாக முன்னே கொண்டுபோய்க் காட்டினாள். எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

எத்தோரேவுக்கு எல்லாச் சொல்லும் புரிந்ததா என்று தெரியவில்லை. கை புரிந்திருக்கும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

சாதிக் அவள் அருகே வந்தான். குரல் இறங்கியிருந்தது. "அண்ணி, இத எழுத வேணாம். வெளிய சொல்லவே வேணாம். துப்பாக்கியாவே இருந்துட்டுப் போகட்டும். நான் ஒண்ணும் சொல்லலை."

"துப்பாக்கி இல்லையே, சாதிக்."

"ஊர்ல என்ன பேசுவாங்கன்னு..."

"பேசட்டும். அவனுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியலைன்னு பேச வேணாம். இத எழுதணும்: அவனுக்குத் தெரியும்."

எத்தோரே யோசித்துவிட்டு, காகிதத்தில் துருக்கியிலேயே, பிழையோடு, நிதானமாக எழுதினார். துண்டுகளில் குறை இல்லை. மெதுவாக மூடினால் பூட்டு முழுவதும் விழுவதில்லை, அசலிலும் நகலிலும் ஒன்றுபோல. எச்சரிக்கையைக் கையேட்டின் பதினோராம் பக்கத்திலிருந்து எடுத்துத் துப்பாக்கியின் மேலேயே பொறிக்க வேண்டும். இறந்தவர் துப்பாக்கியை நன்கு அறிந்தவர் என்று ஒரு வரி. எல்மாஸின் பெயரை எழுதவில்லை. அவள் வாசித்துப் பார்த்தாள். தன் பெயரை எழுதச் சொல்லிக் கேட்கவில்லை.

மத்தியான இடைவேளை முடியும்போது அவள் தன் மேசைக்குத் திரும்பிவிட்டாள். பக்கத்து மேசைக்காரிகளுக்கு அதற்குள் விஷயம் எட்டியிருந்தது. ஒருத்தி அவள் முன்னால் ஓர் ஆரஞ்சை உரித்து வைத்துவிட்டுப் போனாள். அழுகை இப்போது வரும் என்று எல்மாஸ் காத்திருந்தாள். போல்ட்டை எடுத்தாள், பிசிறை எடுத்தாள், பதினான்கு என்று குத்தினாள். இழுத்து விட்டாள். வரவில்லை. ஆரஞ்சைச் சாப்பிட்டாள். இனித்தது போலிருந்தது.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை, இருட்டு விலகும் நேரத்தில், சாதிக் வந்து கதவைத் தட்டினான். உரிமம் புதுப்பித்தாயிற்று என்று ஊரெல்லாம் தெரியும். மேல்வயலில் மறுபடி பன்றி இறங்கியிருக்கிறது, விரட்டப் போகிறார்கள். முந்தின நாள் எல்மாஸ்தான் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள், அண்ணன் துப்பாக்கியை வந்து எடுத்துக்கொள், வைத்து நான் என்ன செய்ய என்று.

நடையில் நின்று அவன் உறையிலிருந்து அதை எடுத்தான். குழலைத் துடைத்தான். தோட்டா இல்லாமல் போல்ட்டை இழுத்தான். பிறகு, இழவு நடந்த வீடு, விடிகாலை, அண்ணி இப்போதுதான் எழுந்திருக்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, கைப்பிடியை விடாமல் மெதுவாக முன்னே கொண்டுபோய் மூடினான். ஓசையே இல்லை.

எல்மாஸ் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடு," என்றாள்.

"வேணாம் அண்ணி, சத்தம்..."

"கையை எடுத்துடு."

அவன் இழுத்தான். கையை எடுத்தான். ஷ்லாக் என்று நடை முழுக்க அறைந்தது. படுக்கையறையில் கண்ணாடி அதிர்ந்து நின்றது.

"இன்னொரு தடவை."

விட்டான்.

"இன்னொரு தடவை."

மூன்று முடிந்ததும் அவள் தலையை ஆட்டினாள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் துணியில் கட்டி வைத்திருந்ததைக் கொடுத்தாள். அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். காலடி பனியில் நொறுங்கிக்கொண்டே போய் அடங்கியது. எல்மாஸ் கதவைச் சாத்தினாள். ஞாயிற்றுக்கிழமை. போய்ப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். கண் திறந்தே இருந்தது.